நூலுக்குக் காப்பு இல்லை

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு ரொட்டிக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மலைக்கிராமங்களுக்குத் தொங்குபாலம் கட்டிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். எந்த வேலை எப்போது, யார் கையில், எதற்குப் பிறகு என்று பார்த்துக்கொள்வது சுதாராணியின் சோலி. அதற்கென்று கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஓர் அட்டை. பெரிய அட்டைக்குள் சின்னச் சின்ன வேலைகளை அடுக்கலாம். அதற்கு சப்டாஸ்க் என்று பெயர். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அம்பும் போடலாம். இது முடிகிற வரைக்கும் அதைத் தொடாதே என்று அதற்கு அர்த்தம். அதைத்தான் பிளாக் என்பார்கள். அம்பு விழுந்த அட்டையில் சிவப்பாக ஒரு பூட்டுத் தொங்கும்.

அம்பு போடுவதில் சுதாராணிக்குக் கை தாராளம். "உங்க ஸ்கிரீனைப் பாத்தா மிளகாய் வத்தல் காயப்போட்ட களம் மாதிரி இருக்கு மேடம்" என்று சைட் இன்ஜினியர் மதன் ஒருமுறை சொல்லியும்விட்டான். அவள் சட்டை செய்யவில்லை. ஒழுங்கு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக, கோத்த மாலைபோல இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. கொள்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அது லேசில் மனுஷியை விடுமா?

அந்த வருஷம் கையில் இருந்தது வெள்ளைப்பாறைப் பாலம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிக் கிளாவரைக்குப் போய், அங்கிருந்தும் ஜீப்பில் முதுகெலும்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனால் ஓர் ஆறு வரும். ஆறு என்று பெயர்தான். பாறையைப் பிளந்துகொண்டு ஆழத்தில் ஓடும் காட்டாறு. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைப்பாறை. பூண்டும் பீன்ஸும் உருளையும் விளைகிற ஊர். வெயில் காலத்தில் கீழே இறங்குதுறையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் துறை மூடிக்கொள்ளும். பிறகு மார்கழி வரைக்கும் அந்த ஊர் தனி, உலகம் தனி.

அந்த ஊரில் மூக்கம்மா இருந்தாள். நாற்பத்தைந்து வயது. மார்பில் புற்றுநோய் என்று சித்திரையில் தெரிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். மருந்து நன்றாகக் கேட்கிறது, நடுவில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் முழுக்கக் கீழேயே தங்கிவிடச் சொன்னால் மூக்கம்மா கேட்கிற ஆள் இல்லை. வத்தலக்குண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தாள். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனாலும் திரும்பிவிட்டாள்.

மதுரை போகிற வழியில் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, முந்தானையில் முடிந்து வந்த பூண்டைச் சுதாராணியின் மேசைமேல் வைத்தாள். "தாயி, பாலம் வந்தாச் சரி. வரலேன்னா எங்க வீட்டு அடுப்படியிலயே கெடந்துட்டுப் போறேன். வேத்து வாசல்ல கெடந்து சாக எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். அழவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் படி இறங்கிப் போனதும் சுதாராணி ஒரு புது அட்டை போட்டாள்: 'மூக்கம்மா அக்கா கடப்பது'. அதற்கு ஓர் அம்பு, 'பாலம்' என்ற பெரிய அட்டையிலிருந்து. பாலம் முடியட்டும், பூட்டுத் திறக்கும். எழுதுகிறபோது சரியாகத்தான் இருந்தது.

புரட்டாசி பாதி ஆகும்போது இந்தக் கரையில் தூண் எழும்பிவிட்டது. அந்தக் கரைக்கான சிமெண்டு, மணல், கம்பி, மரப்பலகை, தூணின் இரும்புத் துண்டுகள் எல்லாவற்றையும் பொதிக்குதிரைகள் துறைவழியாகச் சுமந்து கொண்டுபோய் அடுக்கியாயிற்று. கொத்தனார் ஞானவேலுக்கு அந்த ஊர்தான். அவர் குழியும் தோண்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து வெள்ளைப்பாறையில் முத்தாலம்மன் திருவிழாவுக்குச் சாமி சாட்டிவிட்டார்கள்.

சாமி சாட்டிக் காப்புக் கட்டினால் பதினைந்து நாள். கையில் மஞ்சள் நூல் ஏறியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியாள் எல்லைக்குள் வரக் கூடாது. எல்லை என்றால் ஆற்றின் நடு. நடு ஆற்றில் ஒரு கல் இருக்கிறது; அதற்கு அங்கிட்டு அம்மன் ஊர், இங்கிட்டு யார் ஊரோ. மதன் போனில் சொன்னான்: "காப்புக் கட்டியாச்சு மேடம். பதினஞ்சு நாளைக்கு ஒண்ணும் நடக்காது."

சுதாராணி 'திருவிழா' என்று ஓர் அட்டை போட்டு, அதிலிருந்து 'பாலம்' என்ற தாய் அட்டைக்கே அம்பு விட்டாள். தாயைப் பூட்டினால் உள்ளே இருக்கிற பிள்ளைகள் அத்தனைக்கும் பூட்டு. திரை முழுக்கச் சிவப்பு. திருவிழா முடிந்து, கான்கிரீட் போட்டு, அது இறுகி, தூண் நிறுத்தி, கம்பி இழுத்து என்று விரல் விட்டுப் பார்த்தாள். நடு ஐப்பசி தாண்டியது. மூக்கம்மாவின் அடுத்த தேதியோ திருவிழா முடிந்த மூன்றாம் நாள். அதற்குள் மழை பிடித்துத் துறை மூடிவிடும் என்று ஊரில் கணக்குச் சொன்னார்கள்.

மறுநாள் வெள்ளனே ஞானவேல் கூப்பிட்டார். வெள்ளைப்பாறையில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காற்று இரைச்சலோடு குரல் வந்தது.

"மேடம், இங்க ஊரே சும்மா ஒக்காந்து கெடக்கு. சாயங்காலம் கும்மி, அம்புட்டுத்தான் சோலி. பகலெல்லாம் கொட்டாவி விடுறோம். எங்களுக்கு ஏதாச்சும் வேலை சொல்லுங்க."

"காப்புக் கட்டியிருக்கீங்களே அண்ணே?"

"கையில தான மேடம் கட்டியிருக்கு. கையைக் கட்டிப் போடலையே."

அவர் சிரித்தார். சுதாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே அம்மன் தடுக்கவில்லை, பூசாரி தடுக்கவில்லை. மூஞ்சிக்கல் மாடியில் உட்கார்ந்துகொண்டு இவளல்லவா தடுத்துக்கொண்டிருக்கிறாள்!

திருவிழா எதைத் தடுக்கிறது? ஆள் ஆற்றின் நடுவைத் தாண்டுவதைத் தடுக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கரையில் அந்தக் கரை ஆள் கான்கிரீட் போடுவதை அது தடுக்கவே இல்லை. அம்பைத் தாய் அட்டையிலிருந்து பிடுங்கினாள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அம்பாகத் தொட்டு, தன்னைத்தானே இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டாள். இது இல்லாவிட்டால் எது முடியாது? இது இல்லாவிட்டால் எதைத் தொடங்கவே முடியாது? இத்தனை நாளும் இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்திருந்தாள். சோறும் ரசமும் இல்லாமல் விருந்து முடியாதுதான். அதற்காகச் சோறு வேகிற வரைக்கும் ரசத்துக்குப் புளி கரைக்கக் கூடாது என்று எவள் சொன்னாள்? அவை விருந்தின் பகுதிகள். தனித்தனி அடுப்பில் வேகட்டும். உலை கொதிக்காமல் அரிசியைப் போட முடியாது பாருங்கள், அதுதான் தடை.

இந்தக் கரைத் தூணும் அந்தக் கரைத் தூணும் பாலத்தின் பகுதிகள். ஒன்றுக்காக இன்னொன்று ஏன் காத்திருக்க வேண்டும்? அம்பு போயிற்று. பலகைக்குத் துளை போடுவது, கைப்பிடிக் கயிறு முறுக்குவது, ஏறுபடிக்குக் கல் அடுக்குவது எல்லாமே பகுதிகள். அம்புகள் உதிர உதிரப் பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது. சிவப்பு வடிந்து பச்சை பரவியது. கடைசியில் நிஜமான அம்புகள் விரல் விட்டு எண்ணும்படி நின்றன: கான்கிரீட் இறுகாமல் தூண் நிறுத்த முடியாது, இரண்டு தூணும் நிற்காமல் கம்பி இழுக்க முடியாது, கம்பி இல்லாமல் பலகை போட முடியாது. மலையே தன் எலும்பைக் காட்டிக்கொண்டு எதிரே நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. உடம்பு சிலிர்த்தது. கூடவே வெட்கமும் வந்தது.

ஓர் இடத்தில் மட்டும் முட்டியது. கம்பியை இழுக்க, முதலில் ஒரு கயிறாவது அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே போக வேண்டும். துறையில் இருந்து கயிற்றைக் கொண்டுவர முடியாது. நடுவில் பாறையும் மரமுமாகச் சிக்கும். பாலம் வருகிற இடத்திலேயே, ஐம்பது மீட்டர் அகலப் பள்ளத்தின் மேலாகத்தான் போக வேண்டும். டிரோன் கொண்டுவரலாம் என்றான் மதன். காட்டுக்குள் அதைப் பறக்கவிட அனுமதி வாங்குவது தனி அட்டை, தனிப் பூட்டு.

சுதாராணி ஞானவேலைக் கூப்பிட்டுக் கான்கிரீட் வேலையைத் தொடங்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, காப்பு ஆளுக்கு மட்டுந்தானா? ஒரு நூல் எல்லையைத் தாண்டலாமான்னு பூசாரிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பூசாரி சொன்னாராம்: "நூலுக்கு யாருப்பா காப்புக் கட்டுனது?"

அன்று மத்தியானமே சுதாராணி ஜீப் ஏறிவிட்டாள். அவள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சியை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாளாது. எதிர்க்கரையில் ஊரே இறங்கியிருந்தது. ஆண், பெண் எல்லார் கையிலும் மஞ்சள் நூல். வரிசையாக நின்று சாந்துச்சட்டியைக் கைமாற்றினார்கள். ஞானவேல் குழி ஓரத்தில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கரையில் மதனின் ஆட்கள் பலகைக்குத் துளை போட்டார்கள். நடுவில் அந்தப் பள்ளம், அதில் ஏறி இறங்கும் பனி. இந்தக் கரை கூப்பிட்டால் அந்தக் கரை பதில் சொன்னது. ஒருவரும் ஒருவருக்காகக் காத்திருக்கவில்லை.

"என்ன மேடம் அங்கயே நின்னுட்டீங்க?" என்றான் மதன்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் மதன்" என்றாள்.

கான்கிரீட் இறுகியது. அந்தக் கரையிலும் தூண் எழும்பியது. நூல் எறிகிற நாள் வந்தது. வெள்ளைப்பாறையில் குரங்கும் காட்டுப்பன்றியும் வெள்ளாமையில் இறங்கினால் கவண் வீசித்தான் விரட்டுவார்கள். சிறுசு பெருசு எல்லாருக்கும் கவண் பழக்கம். யார் வீசுவது என்று பேச்சு வந்தபோது மூக்கம்மாவின் புருஷன் அழகர் எழுந்து வந்தாராம். மனுஷன் பேச்சே இல்லாதவர். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான்."

பீன்ஸ் கொடி கட்டுகிற நைலான் நூல் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உருண்டை உருண்டையாகக் கிடக்கும். சிக்காமல் ஓட வேண்டும் என்று ஓர் உருண்டையைப் பிரித்துக் கூடைக்குள் சுருள் சுருளாக இட்டார்கள். நுனியை ஓட்டைக் கல் ஒன்றில் கட்டினார்கள். இந்தக் கரையில் எல்லாரும் பாறை மறைவுக்குப் போகச் சொல்லி மதன் சத்தம் போட்டான்.

முதல் கல் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது கல் இந்தக் கரையின் பாறையில் பட்டுத் தெறித்துக் கீழே போயிற்று. அழகர் நூலை இழுத்துச் சுருட்டி வைத்துவிட்டுக் கவணை மறுபடி எடுத்தார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல், மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூக்கம்மா உட்கார்ந்திருந்தாள். பனி ஏறி வந்து எதிர்க்கரையை மூடியது. ஆள் தெரியவில்லை. கவண் சுழலுகிற விர்விர் சத்தம் மட்டும் வெள்ளைக்குள் இருந்து வந்தது.

பிறகு சுதாராணியின் தலைக்கு மேலே ஏதோ விசில் அடித்துக்கொண்டு போய்ப் புல்மேட்டில் பொத்தென்று விழுந்தது. மதன் ஓடினான். கல்லை எடுத்து உயர்த்திக் காட்டினான். கல்லில் இருந்து ஒரு நூல் புறப்பட்டு, பள்ளத்தின் மேலாகப் போய், பனிக்குள் மறைந்திருந்தது.

சுதாராணி கிட்டே போய் அந்த நூலை விரலால் தொட்டாள். அது லேசாகத் துடித்தது. அந்த முனையில் அழகர் பிடித்திருக்கிறார், அந்த ஊர் பிடித்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. திரையில் எத்தனையோ அம்பு போட்டிருக்கிறாள். ஓர் அம்பைக் கையில் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நூலில் கட்டிச் சணல் கயிறு போயிற்று. சணலில் கட்டி நைலான் வடம் போயிற்று. வடத்தில் கட்டி, கைராட்டினம் சுற்றச் சுற்ற, கட்டைவிரல் தடிமனில் இரும்புக் கம்பி பள்ளத்தின் மேலே ஏறிப் போனது. பீன்ஸ் கொடியைத் தாங்குகிற நூல் ஒரு பாலத்தையே இழுத்துக்கொண்டு போனது. பொழுது சாய்வதற்குள் முதல் கம்பி கட்டியாயிற்று. காற்று அடித்தபோது அது ங்ங் என்று பாடியது. எதிர்க்கரைக் கிழவிகள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நம் சுதாராணிக்கும் கும்பிடத்தான் தோன்றியது. மதன் பார்ப்பானே என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் மற்றக் கம்பிகளும் ஏறின. அதன் பிறகு இரண்டு கரையிலும் பலகை போட்டுக்கொண்டே நடுவை நோக்கி வந்தார்கள். அந்தப் பக்கம் ஞானவேல், இந்தப் பக்கம் மதன். நடு ஆற்றுக் கல்லுக்கு நேர் மேலே வந்ததும் இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் ஒரே ஒரு பலகைக்கு இடம் இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஞானவேல் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "இதுக்கு மேல நமக்கு அதிகாரம் இல்ல தம்பி. அம்மன் அனுப்பட்டும்."

மதன் இதைச் சொன்னபோது சுதாராணி பிரமித்துப்போனாள். பாலம் முழுவதையும் நிறுத்திவைக்கும் என்று அவள் பூட்டிய திருவிழா, உண்மையில் நிறுத்தியது ஒரே ஒரு பலகையை. அந்தப் பலகைக்கு மட்டும் அவள் திரையில் திருவிழாவின் அம்பை வைத்தாள். அது அம்மனுக்கு உரிய அம்பு; அதில் கை வைக்க இவள் யார்?

மஞ்சள் நீராடிக் காப்பு அவிழ்த்த அன்று இருட்டியதும் மழை பிடித்தது. இரண்டு நாள் கழித்து வர வேண்டியது, முந்திக்கொண்டது. விடிந்து பார்த்தால் துறை இல்லை, நடு ஆற்றுக் கல்லும் இல்லை. செம்மண் தண்ணீர் மரத்தைப் புரட்டிக்கொண்டு போனது. அந்த மழையிலும் ஞானவேல் நடந்து வந்து கடைசிப் பலகையை முடுக்கினார். பிறகு நாள் முழுக்க உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பாலத்தின் மேல் ஏற்றி, இறக்கி, கம்பியையும் முடிச்சையும் அளந்து பார்த்தார்கள். ஓர் ஊரே ஒன்றாக நடந்தாலும் தாங்கும் என்று கணக்குச் சொன்னது.

அதற்கு மறுநாள் காலை மூக்கம்மா மதுரைக்குக் கிளம்ப வேண்டும். சுதாராணி பாலத்தின் தலைமாட்டில் குடையோடு நின்று போனைப் பார்த்தாள். பக்கத்துப் பாறை ஒன்றின்மேல் ஏறியதில் ஒரு கோடு சிக்னல் வந்து, திரை திறந்தது. 'மூக்கம்மா அக்கா கடப்பது' என்ற அட்டையில் சிவப்புப் பூட்டுத் தொங்கியது. காரணம், 'பாலம்' முடியவில்லை. பெயின்ட் அடிக்கவில்லை, பெயர்ப்பலகை வரவில்லை, அந்தப் பக்கம் ஏறுபடி பாதியில் நிற்கிறது, திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் இன்னும் தேதி கொடுக்கவில்லை. அத்தனை அம்பையும் களைந்தவள் இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கிறாள்.

"என்ன மேடம்?" என்றான் மதன்.

"பாலம் இன்னும் முடியலையே மதன்."

அவன் எட்டிப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். "பெயின்ட் காயலேன்னா அக்காவுக்குக் கால் நடக்காதா மேடம்?"

அதற்குள் மூக்கம்மா பாலத்தில் கால் வைத்துவிட்டாள். முன்னால் ஞானவேல், பின்னால் அழகர். மழை சாரலாக அடித்தது. கீழே ஆறு போட்ட சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. நடுவுக்கு வந்ததும் மூக்கம்மா நின்றாள். கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். வருஷா வருஷம் அவள் ஊரை மூடி வைத்த ஆறு அவள் காலுக்குக் கீழே ஓடியது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, கடைசியாகப் போட்ட அந்தப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

இந்தக் கரைக்கு வந்ததும் சுதாராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "முடிஞ்சுருச்சா தாயி பாலம்?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இன்னும் நெறைய இருக்கு."

"ஆகட்டும், ஆகட்டும். மெதுவா முடிங்க" என்று சொல்லிவிட்டு மூக்கம்மா ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, சுதாராணி மறுபடி பாறைமேல் ஏறினாள். அந்தக் கடைசி அம்பைப் பிடுங்கினாள். பூட்டுத் திறந்தது. 'மூக்கம்மா அக்கா கடப்பது' முடிந்தது என்று தொட்டாள். 'பாலம்' இன்னும் முடியாமல்தான் இருந்தது.